அரைப்பேர் ஈ

அம்மா தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் மலைக்குப் போகாமல் அம்மாவால் இருக்க முடியாது. தேயிலைச் செடிகளின் கிளைகளை வெட்டிவிடுகிற கவ்வாத்து நடக்கிற காலத்தில் மிலாறு (வெட்டிப் போட்ட குச்சி விறகு) பொறுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் கூடப் போவேன். சுமையைத் தலைக்குத் தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு.

இலங்கை மலையகத்தில் எங்கள் பூண்டுலோயாப் பக்கத்தில் மாசி மாதக் காலை மெதுவாகத்தான் விடியும். ஒன்பது, ஒன்பதரை மணி வரை பள்ளத்தில் பனி அப்படியே கிடக்கும். பிறகு எதிர்மலை உச்சியில் இருந்து வெயில் நிரை நிரையாக இறங்கி வரும். கவ்வாத்து வெட்டிய மலையில் அந்த வெயிலை மறைக்க இலை என்று ஒன்றும் இருக்காது. வெறும் தூரும், சாய்வாக வெட்டுப்பட்ட வாதுகளும், இடையிடையே ஒரு சவுக்கு மரமும் மட்டும் நிற்கும். பார்க்கிறவர்களுக்கு மொட்டை மலை. ஆனால் உட்கார இடம் தேடுகிற ஒரு சிறிய ஈக்கு அது ஆயிரமாயிரம் முக்காலிகள் போட்டு வைத்த மைதானம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதை முதலில் பார்த்தது அம்மாதான்.

“இங்கே பார் பிள்ளை, இது என்ன இது? விரட்டினாலும் திரும்பத் திரும்ப இந்தக் குச்சிக்கே வருகிறது.”

நெல்மணியை விடக் கொஞ்சம் நீளமான ஒரு ஈ. மெலிந்த சாம்பல் நிற உடம்பு. இறக்கைகளை முதுகின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து வைத்துக்கொண்டு, வெட்டுப்பட்ட வாதின் நுனியில் வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினேன். போய்விட்டது. நான் நிமிர்வதற்குள் அதே நுனிக்குத் திரும்பி வந்து, முன்பு எந்தத் திசையைப் பார்த்திருந்ததோ அதே திசையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. இப்போது அதன் வாயில் ஏதோ ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. என் கையைக் கண்டு பயந்து பறந்தது என்று நினைத்திருந்தேன். அது போனது வேட்டைக்கு.

இது நடந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. அன்றிலிருந்து கவ்வாத்து மலை எங்கே இருக்கிறது என்று விசாரித்து, சனிக்கிழமை தோறும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருகிறேன். நான் பூச்சி ஆய்வாளர் இல்லை. தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை. ஆனால் இந்த ஈயைப் பற்றி யாராவது எழுதித்தான் ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழில் தேடிப் பார்த்தேன். எழுதியவர்கள் யாரும் அகப்படவில்லை.

இது கொள்ளைக்கார ஈக்கள் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. அறிவியலில் அசிலிடே என்பார்கள். உலகம் முழுவதிலும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இதுவரை விவரிக்கப்பட்டிருக்கின்றன. கட்டைவிரல் பருமனுக்கு வண்டு போல இரைந்து பறப்பவையும் உண்டு, எங்கள் ஈயைப் போல நூலாக மெலிந்தவையும் உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று: வளர்ந்த ஈ உயிருள்ள பூச்சியைப் பிடித்துத்தான் தின்னும். பெரும்பாலானவை பறக்கும் போதே பிடிக்கும். நாம் ஈ என்றதும் நினைக்கிற, எச்சிலில் மொய்க்கிற வீட்டு ஈக்கும் இதற்கும் இருக்கிற உறவு, வீட்டுப் பூனைக்கும் சிறுத்தைக்கும் உள்ள உறவை விடத் தூரமானது. கொள்ளைக்காரன் என்ற பெயர் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கொள்ளைக்காரன் அடுத்தவர் பொருளைப் பறிப்பவன். இது தன் பசிக்கு வேட்டையாடுகிறது. வேட்டை ஈ என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

முகத்தைக் கிட்டத்தில் பார்த்தால்தான் இதன் தொழில் விளங்கும். கைபேசியில் பொருத்துகிற ஒரு சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கை இரண்டையும் தூரின் மேல் ஊன்றி, ஒரு சாண் தூரத்துக்கு நெருங்குவதற்கு எனக்கு ஐந்து சனிக்கிழமைகள் பிடித்தன. முதலில் தெரிவது கண்கள்தான். தலை என்பதே இரண்டு கண்கள் என்று சொல்லலாம். வெயில் படும் கோணத்தைப் பொறுத்துப் பச்சையாகவும் செம்பு நிறமாகவும் மின்னும். இரண்டு கண்களுக்கும் நடுவில் உச்சந்தலை ஒரு பள்ளம் போலக் குழிந்திருக்கும். முன்னால் இருந்து பார்த்தால் இரண்டு மலைகளுக்கு இடையில் ஒரு கணவாய் மாதிரி. அந்தக் குழிக்குள் ஒரு சிறிய மேடு, அதன் மேல் மூன்று குட்டிக் கண்கள். இந்தக் குழிந்த உச்சி இந்தக் குடும்பத்தின் நல்ல அடையாளம்.

வாய்க்கு மேலே ஒரு கொத்து முரட்டு மயிர் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அறிவியலில் அதற்கு மிஸ்டாக்ஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் மீசை என்று பொருளாம். மீசை என்றே நாமும் சொல்லிவிடலாம். அலங்காரத்துக்கு வைத்த மீசை இல்லை அது. பிடிபட்ட பூச்சி உயிருக்குப் போராடி உதைக்கும்போது அதன் கால்களும் கொடுக்கும் கண்ணில் படாமல் தடுக்கிற வேலி. மீசைக்குக் கீழே குத்தூசி போல உறுதியான குழல். அதைப் பூச்சியின் உடம்பில் மென்மையான இடம் பார்த்துக் குத்தி எச்சிலைச் செலுத்தும். அந்த எச்சிலில் நரம்பை முடக்குகிற நஞ்சும் இருக்கிறது, உள்ளுறுப்புகளைக் கரைக்கிற நொதியும் இருக்கிறது. சிறிது நேரத்தில் உள்ளே எல்லாம் கரைந்து கஞ்சியாகிவிடும். அதை உறிஞ்சிவிட்டு வெறும் கூட்டைக் கீழே போட்டுவிடும். ஒரு முறை ஒரு ஈயின் குச்சிக்குக் கீழே வெள்ளைக் கடதாசி விரித்து வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் ஒரு தத்துப்பூச்சி, இறக்கை முளைத்த செடிப்பேன் ஒன்று, என்னவென்று விளங்காத ஒரு கொசு. மூன்றுமே ஊதினால் பறக்கிற அளவுக்குக் காலியாக இருந்தன. கால் ஒன்று கூட உடைந்திருக்கவில்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வழக்கில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. முழு நாள் வேலை பதிவானால் ஒரு பேர். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து வரவில்லை என்றால் அரைப்பேர். அம்மா கூடையை நிறுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது, இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், ஏறும் காலடிச் சத்தத்தை வைத்தே அன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா என்று எனக்கும் தம்பிக்கும் தெரிந்துவிடும்.

நான் எடுத்த படங்களைப் பூச்சியியல் படித்த ஒருவருக்கு அனுப்பினேன். அவர் பொறுமையாகப் பார்த்து எழுதிய பதிலில் முதலில் கேட்டது உணர்கொம்பைப் பற்றித்தான். மற்றக் கொள்ளைக்கார ஈக்கள் பலவற்றுக்கு அதன் நுனி வெறும் முள்ளாக இருக்கும். எங்கள் ஈக்கு அந்த நுனியில் ஒரு பக்கமாகச் சீப்புப் பல் போல மெல்லிய மயிர் வரிசை. அதை வைத்து, ஒம்மேடியஸ் கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிட்டார். 1821இல் வீடெமான் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர். ஒம்மா என்றால் கிரேக்கத்தில் கண். எங்கள் ஈயைப் பார்த்துத்தான் வைத்தாரோ என்று தோன்றும்படி பொருந்துகிற பெயர்.

ஆனால் ஒரு உயிருக்கு அறிவியலில் இரண்டு சொல் பெயர். முதல் சொல் பேரினம், இரண்டாவது இனம். முதல் சொல் கிடைத்துவிட்டது. இரண்டாவது சொல் படத்தை வைத்துச் சொல்ல முடியாது என்றார் அவர். ஒம்மேடியஸில் உலகெங்கும் நூற்றுக்கணக்கான இனங்கள். ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருக்கும். ஆண் ஈயின் வால் நுனியில் உள்ள இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் எது எது என்று தெரியும். கால் முட்களை எண்ண வேண்டும். ஆண் ஈயின் இறக்கை முன்விளிம்பு புடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதை அன்று இரவு அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். அடுப்பில் மிலாறைத் தள்ளியபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அம்மா சொன்னார்: “அப்படியென்றால் அதற்கும் அரைப்பேர்தான்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

அரைப்பேர் ஈ வேட்டையாடுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னை இதனோடு கட்டிப் போட்டது அதுதான். குச்சியில் உட்கார்ந்திருக்கும்போது உடம்பு அசையாது. தலை மட்டும் வெடுக்கென்று திரும்பும். மேலே ஏதாவது கடந்தால் தலை அதைத் தொடரும், பிறகு நிற்கும். தலை நின்ற கணத்தில் பறந்துவிடும். நான் உட்கார்ந்து எண்ணிய ஒரு மணி நேரத்தில் பதினேழு முறை கிளம்பி, நான்கு முறை இரையோடு திரும்பியது. கிளம்பும்போது பூச்சி இருக்கிற இடத்தை நோக்கிப் போகவில்லை. பூச்சிக்கு முன்னால் ஏதோ வெற்றிடத்தை நோக்கிப் போனது. கண் தெரியாமல் போகிறதோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகுதான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். அவர்கள் ஆராய்ந்தது வட அமெரிக்காவில் உள்ள ஹோல்கோசெஃபாலா ஃபஸ்கா என்ற வேறொரு கொள்ளைக்கார ஈ. அதுவும் பொடியன்தான், ஆறு ஏழு மில்லிமீட்டர். அதன் கண்ணில் நேர் முன்னால் பார்க்கிற சிறு பகுதியில் மட்டும் வில்லைகள் பெரிதாக இருக்கின்றன, ஓரங்களில் சிறுத்துவிடுகின்றன. அந்த நடுப்பகுதியின் கூர்மை, உடலில் பல மடங்கு பெரிய தும்பிகளின் கண்ணுக்கு நிகரானது. அரை மீட்டர் தூரத்தில் போகிற துகளளவு பூச்சியைக் கண்டுவிடும். கண்டதும் துரத்தாது, சந்திக்கப் போகும்.

இதை ஒன்பதாம் வகுப்பில் விளக்கியபோது கரும்பலகையில் கோணம் வரைந்து பார்த்தேன், பிள்ளைகள் விழித்தார்கள். பிறகு பஸ்ஸைச் சொன்னேன். எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேலே பாதை மூன்று வளைவு வளைந்து இறங்கும். பஸ்ஸைத் தவறவிட்டால் யாரும் அதன் பின்னால் ஓட மாட்டோம். குறுக்கில் இறங்குவோம். குறுக்கில் ஓடும்போது பஸ் நமக்கு எந்தப் பக்கம் தெரிகிறதோ அதே பக்கம் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும், தூரம் மட்டும் குறைந்துகொண்டு வர வேண்டும். அப்படி ஓடினால் கீழ் வளைவில் பஸ்ஸும் நாமும் ஒன்றாகப் போய்ச் சேருவோம். பஸ் நமக்கு முன்பக்கமாக நழுவினால் நாம் பிந்திவிட்டோம், பின்பக்கமாக நழுவினால் முந்திவிட்டோம். சொல்லி முடிக்கும் முன் வகுப்பு முழுதும் தலையாட்டியது. தினமும் செய்கிற வேலை அல்லவா. அந்த அமெரிக்க ஈ செய்வதும் இந்தக் குறுக்கு ஓட்டம்தான். இரை தெரிகிற திசை மாறாதபடி தன் பறப்பைச் சரிசெய்துகொண்டே போகிறது.

அதற்கு மேலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சுமார் 30 சென்டிமீட்டருக்குள் நெருங்கியதும் அது தன் முறையை மாற்றுகிறது. வேகத்தைக் குறைத்து, வளைந்து, இரை போகிற திசையிலேயே தானும் போகத் தொடங்கி, பின்னால் இருந்து மெதுவாக வந்து பிடிக்கிறது. ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொள்கிறவன் அதன் கூடவே பத்து அடி ஓடிவிட்டுத்தான் கம்பியைப் பிடிப்பான். நேரே போய் மோதினால் கை பிசகிவிடும்.

அந்த ஆய்வில் நூலில் கோத்த மணிகளை இழுத்துக் காட்டி ஈயை ஏமாற்றியிருந்தார்கள். அதைப் படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொழுந்து எடுக்கும்போது செடியின் மட்டம் பார்க்க வைக்கிற அம்மாவின் பழைய மட்டக்கம்பு வீட்டில் இருந்தது. இன்னொன்றைப் பக்கத்து வீட்டுக் காம்பராவில் இரவல் வாங்கினேன். என் மாணவிகள் இருவர் வந்தார்கள். இரண்டு கம்புகளையும் ஆறடி இடைவெளியில் நட்டு, மெல்லிய தூண்டில் நூலைக் கட்டி, சட்டையில் தைக்கிற பாசிமணிகளில் மிகச் சிறியதாகப் பார்த்து ஒன்றைக் கோத்தோம். ஒருத்தி மெதுவாக இழுத்தாள். ஈ தலையைத் திருப்பவே இல்லை. “வேகமாக இழு” என்றேன். இழுத்தாள். தலை திரும்பியது, நின்றது, கிளம்பியது. கீழிருந்து மேலாக ஒரு கோடு. மணி போகிற வழிக்கு முன்னால் போய், மணிக்குப் பின்னால் வளைந்து, ஒரு கணம் அதன் கூடவே பறந்து, கால்களால் தொட்டது. தொட்டதும் விட்டுவிட்டுக் குச்சிக்குத் திரும்பியது.

“டீச்சர், தெரிந்துகொண்டுவிட்டது” என்றாள் நூல் இழுத்தவள், கிசுகிசுப்பாக. அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. என் கையும்தான். நாங்கள் மூவரும் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டோம். பெரிய மணி ஒன்றைக் கோத்தபோது அது தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அசையாமல் இருந்துவிட்டது. பெரியதைத் துரத்தி வீணாக அலைய அது விரும்பவில்லை.

ஒரு வருத்தமான விஷயத்தையும் எழுத வேண்டும். இரண்டாம் ஆண்டு ஒரு ஈயைப் பிடித்து, மூடியில் துளையிட்ட ஜாம் போத்தலில் போட்டு வைத்தேன். மறுநாள் வகுப்பில் காட்டிவிட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்று எண்ணம். போத்தலை யன்னல் கட்டையில் வைத்துவிட்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். மாலை வெயில் அந்த யன்னலில்தான் விழும் என்பது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். அப்படியும் மறந்தேன். எடுத்துப் பார்த்தபோது கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தது. அவ்வளவு வேகமான ஒன்று அப்படிக் கிடந்ததைப் பார்க்க முடியவில்லை. அது பெண் ஈ. வால் நுனி கூராக இருந்தது. அதனால் இனத்தைக் கண்டுபிடிக்கவும் அது உதவவில்லை. கற்பூரத் துண்டோடு ஒரு தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு நான் எதையும் பிடிக்கவில்லை. ஆய்வுக்காகப் பூச்சி சேகரிப்பதென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதை முறையாகப் பெற்ற ஒருவர் வந்து ஓர் ஆண் ஈயை எடுத்துப் பார்ப்பதே சரி.

எங்கள் ஊர் பூச்சிகளின் சரித்திரத்தில் சாதாரண ஊர் இல்லை என்பதும் இந்தத் தேடலில்தான் எனக்குத் தெரிய வந்தது. எர்னஸ்ட் கிரீன் என்ற வெள்ளைக்காரர் இங்கே பூண்டுலோயாவில் தோட்டத் துரையாக இருந்தவர். 1899இல் இலங்கை அரசாங்கத்தின் பூச்சியியலாளர் ஆனார். தேயிலையிலும் காட்டுச் செடிகளிலும் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் செதில் பூச்சிகளைத் தானே வரைந்து, 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக ஒரு நூல் எழுதினார். பல செதில் பூச்சிகள் முதன்முதலில் விவரிக்கப்பட்டபோது கிடைத்த இடம் என்று பூண்டுலோயாவின் பெயர் பதிவாகியிருக்கிறது. அதை விட, கிரேக்க இலத்தீன் சொற்களுக்கு நடுவில் தத்துப்பூச்சிப் பேரினம் ஒன்றுக்குப் புண்டலோயா என்றே பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஓர் ஊரின் பெயர் ஒரு பூச்சிக்கு! இதை வகுப்பில் சொன்ன நாளில் பிள்ளைகள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன்.

கொள்ளைக்கார ஈக்களையும் ஆய்வாளர்கள் அறவே விட்டுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சிஸ் வாக்கர் லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்தபடி இலங்கையிலிருந்து போன ஈக்கள் பலவற்றை விவரித்தார். 1970களில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காகக் கார்ல் குரோம்பைன் என்ற குளவி ஆய்வாளர் தலைமையில் தீவு முழுவதும் பூச்சிகள் சேகரிக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டில் இலங்கையின் ஒம்மேடியஸ் வகை ஈக்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு விரிவான ஆய்வுக் கட்டுரை வந்தது. ஆனால் இவையெல்லாம் ஊசியில் குத்திய உடலைப் பார்த்து எழுதியவை. எத்தனை மணிக்கு எழும், எந்தக் குச்சியைத் தேர்ந்தெடுக்கும், மழை மாதங்களில் எங்கே போகும் என்பது குச்சிக்கு முன்னால் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். அதற்கு இந்த மலையில் வாழ்கிற நம்மை விட யாருக்கு வசதி?

தேயிலையில் ஆராய்ச்சி என்றால் கெடுக்கிற பூச்சிக்குத்தான் முதலிடம். அதில் நியாயம் இருக்கிறது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் எங்களுக்குப் பக்கத்திலே தலவாக்கலையில்தான் இருக்கிறது. தேயிலை இலைகளை ஒட்டிச் சுருட்டிக்கொண்டு உள்ளே இருந்து தின்கிற புழுவுக்காக 1935–36இல் ஜாவாவில் இருந்து மேக்ரோசென்ட்ரஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவை அடக்கியது. பிறகு, தண்டைத் துளைக்கிற வண்டுக்காக டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தபோது அந்தக் குளவி செத்து, அடங்கிக் கிடந்த சுருட்டுப் புழு மறுபடி பெருகியது. கண்ணுக்குப் படாத சிறிய உயிர் ஒன்று எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்பது அது போன பிறகுதான் தெரிந்தது.

இதைச் சொல்லிவிட்டு, எங்கள் ஈயும் அப்படித் தேயிலையைக் காக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், உண்மையாக இருக்காது. கொள்ளைக்கார ஈக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று பேதம் இல்லை. சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சியையும் தின்னும், புழுவை அழிக்கும் குளவி அகப்பட்டால் அதையும் தின்னும். தன் இனத்தையே தின்றதை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். பயன் இருந்தால்தான் ஒரு உயிரை அறிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உடன்பாடில்லை. குறுக்கில் ஓடி வழிமறிக்கும் கணக்கைக் கடுகளவு தலைக்குள் வைத்திருக்கிறது என்பதே எனக்குப் போதும்.

சென்ற பங்குனியில் மழைநீர் வடிகிற கான் ஓரத்தில் அம்மா குனிந்து ஏதோ எடுத்தார். முள் என்று நினைத்துத் தூக்கி எறியப் போனவர், எடை இல்லாததைக் கண்டு என்னிடம் நீட்டினார். பழுப்பு நிறத்தில், மெல்லிய கண்ணாடித் தாள் போன்ற ஒரு வெற்றுக் கூடு. பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்றிருந்ததாம். தலைப்பக்கத்தில் தடித்த முட்கள். உடல் வளையம் ஒவ்வொன்றிலும் சுற்றி வர ஊசி முட்கள். முதுகில் நேர்கோடாக ஒரு பிளவு. படத்தில் பார்த்திருந்ததால் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கொள்ளைக்கார ஈயின் கூட்டுப்புழு உறை.

இந்த ஈக்களின் புழுக்கள் மண்ணுக்குள்ளும் மக்கிய மரத்துக்குள்ளும் வாழ்கின்றன. அங்கேயும் வேட்டைதான், மற்றப் பூச்சிகளின் புழுக்களைத் தின்று வளர்கின்றன. கூட்டுப்புழுவான பின், வெளியேறும் நாள் வந்ததும் அந்த முட்களை ஊன்றி ஊன்றி மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து, பாதி உடலை வெளியே நீட்டி, முதுகு பிளந்து ஈயாகப் பறந்துவிடுகிறது. நாம் பார்க்கிற பறக்கும் வாழ்வு கடைசிச் சில வாரங்கள்தான். அதற்கு முந்திய காலம் முழுவதும் அம்மா போன்றவர்களின் காலடியில், கானுக்குப் பக்கத்து மண்ணுக்குள் கழிந்திருக்கிறது.

அம்மா அந்தக் கூட்டைத் தன் உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து எடுத்த கை. விரல் நுனிகளில் தேயிலைக் கறை இன்னும் போகவில்லை. “இந்த மண்ணில் எத்தனை தடவை இதை மிதித்திருப்பேன்” என்று சொன்னார். பிறகு அதை முந்தானையில் முடிந்துகொண்டார். இப்போது அது தீப்பெட்டியில் அந்தப் பெண் ஈக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் அரைப்பேர் ஈயின் கூடா, அதன் சொந்தக்காரர் வேறு யாருடைய கூடா என்று கேட்க, ஆண் ஈயைப் பார்க்கிறவர் வரும்போது அதையும் சேர்த்துக் காட்டுவேன்.

பொகவந்தலாவையிலோ, ஹப்புத்தளையிலோ, மஸ்கெலியாவிலோ இருப்பவர்கள் கவ்வாத்து மலைப் பக்கம் போனால் வெயில் ஏறிய பிறகு வாது நுனிகளைப் பாருங்கள். பறந்து போய் அதே நுனிக்குத் திரும்பி வருகிற மெலிந்த ஈ இருந்தால் சட்டென்று நெருங்காதீர்கள், உங்கள் நிழல் அதன் மேல் விழவும் விடாதீர்கள். பக்கவாட்டில் இருந்து உணர்கொம்பு தெரிய ஒரு படம், மேலே இருந்து இறக்கை விளிம்பு தெரிய ஒரு படம், வால் நுனி தெரிய ஒரு படம். நுனி உருண்டு தடித்திருந்தால் ஆண். தேதி, நேரம், மலையின் உயரம் ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வையுங்கள். அது எதைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

எங்கள் தோட்டத்தில் இந்த முறை தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்கு மேலே உள்ள மலைக்குக் கவ்வாத்து வருகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். அம்மா கயிற்றை எடுத்து வெயிலில் காயப் போட்டிருக்கிறார்.